கணினிக்குள் ஒரு ஃபிலிம் ஸ்கேனர்

ஃபிலிம் ஸ்கேனர் என்றதும் மேசைமேல் வைக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். 1990களில் நிக்கான் கூல்ஸ்கேன் வரிசையில், கணினியின் ஐந்தேகால் அங்குல டிரைவ் இடத்திலேயே பொருத்தும் மாடலும் வந்தது. விருத்தாசலத்தில் பழைய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து அப்படியொன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது?

அது யுஎஸ்பி அல்ல, ஸ்கஸி இணைப்பில் இயங்குவது. ஸ்கஸி கார்டும் அதற்கேற்ற ஸ்லாட்டும் உள்ள பழைய கணினியாகப் பாருங்கள். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில், அத்தகைய கார்டைச் செருகும் பழைய பிசிஐ ஸ்லாட்டே கிடையாது.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்கேனரைச் செருகி, இருபுறமும் திருகாணி முடுக்குங்கள். 50 முனை ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் பின் பக்கம் இருக்க வேண்டும். பிறகு நான்கு முனை பவர் கேபிளை மாட்டுங்கள்.

தகராறு வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்.

ஒன்று, ஐடி எண். சாதாரண ஸ்கஸியில் 0 முதல் 7 வரை எண்கள் உண்டு. கார்டு வழக்கமாக 7-ஐ எடுத்துக்கொள்ளும்; ஸ்கஸி ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குப் பெரும்பாலும் 0. ஸ்கேனருக்கு வேறு எவரும் எடுக்காத எண்ணை, உதாரணமாக 5-ஐ வையுங்கள்.

இரண்டு, டெர்மினேட்டர்; அதாவது, சிக்னல் கேபிளின் முனையில் மோதித் திரும்பாமல் தடுக்கும் முடிப்பான். கேபிளின் இரு கோடிகளிலும் அது இருக்க வேண்டும். நடுவில் இருக்கக் கூடாது. உள்ளே ஸ்கேனர் மட்டும் இருந்தால் ஸ்கேனரிலும் கார்டிலும் போடுங்கள். கார்டின் பின்பக்கம் வெளிக்கருவி ஒன்றும் இணைந்திருந்தால் கார்டு நடுவில் வந்துவிடும். அப்போது கார்டில் அதை நீக்கி, வெளிக்கருவியில் போட வேண்டும்.

கணினி துவங்கும்போது கார்டு காட்டும் பட்டியலில் ஸ்கேனரின் பெயர் வந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு டிரைவரை நிறுவி, ஃபோட்டோஷாப்பில் ட்வெய்ன் (ஸ்கேனரை மென்பொருளோடு இணைக்கும் முறை) வழியாகத் திறக்கலாம். நிக்கானின் பழைய மென்பொருள் கிடைக்காவிட்டால் வ்யூஸ்கேனை முயன்று பாருங்கள்.

36×24 மில்லிமீட்டர் நெகட்டிவை 2700 டிபிஐயில் எடுத்தால் சுமார் ஒரு கோடி பிக்சல், வண்ணத்தில் ஏறத்தாழ 29 எம்பி. ராம் குறைவாக உள்ள பழைய கணினி இதில் திணறும்.

விருத்தாசலத்துக்கென்று ஒரு எச்சரிக்கை: தூசு. அகல் விளக்கும் கொலு பொம்மையும் வார்க்கும் பட்டறைப் பக்கம் களிமண் தூள் பறக்கும். கணினியின் விசிறி காற்றை வெளியே தள்ளத் தள்ள, முன்பக்க இடுக்குகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். ஸ்கேனரின் வாயும் அங்கேதான். லென்ஸில் படியும் தூளைத் துடைக்க ஸ்கேனரையே கழற்ற வேண்டும். அகச்சிவப்புக் கதிரால் தூசுப் புள்ளிகளைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி பின்னால் வந்த மாடல்களில்தான் உண்டு. அதுவும் வெள்ளி கலந்த கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் பயன் தராது.

ஆகவே, கையில் இருப்பதைப் பொருத்திப் பார்ப்பதில் தப்பில்லை. தேடிப்போய் விலைகொடுத்து வாங்க வேண்டாம். பழைய ஸ்டூடியோக்களின் அகலமான 120 ஃபிலிமும் கண்ணாடித் தட்டும் இதில் நுழையாது. அவற்றுக்கு, ஒளிப்பலகையில் வைத்து டிஜிட்டல் கேமராவால் படமெடுப்பதே எளிது.