வேகமும் விவேகமும்

திருப்பூர் வட்டாரத்தில் பிறந்து வளரும் நமக்கு, ஓர் இயந்திரத்தை ‘ஸ்பீடு கூட்டி ஓட்டுவது’ என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. ஷிப்மெண்ட் நாள் நெருங்கினால் நிட்டிங் மெஷினின் சுற்றைக் கூட்டுவார்கள்; தையல் பிரிவில் நள்ளிரவு வரை விளக்கு எரியும். அந்த ஆசை பனியன் கம்பெனியோடு நின்றுவிடுவதில்லை. மேசைக் கணிப்பொறியின் நினைவகத்தையும், அதற்கென விதிக்கப்பட்ட வேகத்திற்கு மேலே ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. இதனை ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். இது எவ்வாறு நடைபெறுகிறது, இதில் உள்ள நன்மை யாது, ஆபத்து யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நினைவகம் என்னும் ஓட்டைக் குடம்

இன்றைய கணிப்பொறி நினைவகத்திற்கு அடிகோலியவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் ராபர்ட் டென்னார்டு. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு ‘பிட்’ செய்தியைத் தாங்கும் அமைப்புக்கு அவர் 1968-இல் காப்புரிமை பெற்றார். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இவ்வளவுதான் தத்துவம். 8 ஜிகாபைட் நினைவகத்தில் இத்தகைய சின்னஞ்சிறு அறைகள் ஏறத்தாழ 6,870 கோடி உள்ளன.

இந்த அறைகள் ஒவ்வொன்றும் ஓர் ஓட்டைக் குடம். ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால் 64 மில்லி வினாடிக்கு ஒரு முறை எல்லா அறைகளையும் படித்து, மீண்டும் நிரப்பியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். சிப்பின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், நிரப்பும் இடைவெளி பாதியாக, அதாவது 32 மில்லி வினாடியாகக் குறைய வேண்டும் என்பது விதி. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் கணிப்பொறிக்கு இச்செய்தி முக்கியமானது அன்றோ!

நான்கு எண்களின் கதை

நினைவகப் பட்டையின் மேல் ‘3200’ என்றும், அதனை அடுத்து ‘16-18-18-38’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். முதலாவது, ஒரு வினாடியில் எத்தனை முறை செய்தி பரிமாறப்படுகிறது என்பதை மில்லியன் கணக்கில் கூறுவது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் இரண்டு பரிமாற்றம் என்பதால், உண்மையான துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பின் நேரம் 0.625 நானோ வினாடி.

மற்ற நான்கு எண்களைப் புரிந்துகொள்ள நம் பள்ளி நூலகத்தை நினைத்துக்கொள்வோம். நூல்கள் பூட்டிய அலமாரிகளில் உள்ளன. ஒரே நேரத்தில் ஓர் அலமாரியைத்தான் திறக்கலாம். நூலைக் கேட்ட பின் அது கைக்கு வரும் வரை காத்திருக்கும் துடிப்புகள் 16. அலமாரியைத் திறந்து, நூலைக் கேட்கத் தயாராகும் வரை 18. அதனை மூடி, அடுத்த அலமாரியைத் திறக்கத் தயாராகும் வரை 18. திறந்த அலமாரி குறைந்தது திறந்தே இருக்க வேண்டிய துடிப்புகள் 38. இவற்றையே ‘டைமிங்’ என்கின்றனர்.

இங்கே பலர் தடுமாறுவதுண்டு. எண் சிறியதாக இருந்தால் வேகம் என்று எண்ணிவிடுகின்றனர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2133 வேகத்தில் முதல் எண் 15 எனில், காத்திருக்கும் நேரம் சுமார் 14.06 நானோ வினாடி. 3200 வேகத்தில் அதே எண் 22 எனில், 13.75 நானோ வினாடி. 15-ஐ விட 22 பெரியது. ஆயினும் காத்திருப்பு குறைவு. 3200 வேகத்தில் 16 எனில் வெறும் 10 நானோ வினாடி. துடிப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பாராமல், ஒரு துடிப்பின் நேரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். நாம் படிக்கும் பெருக்கல் இங்கேயும் பயன்படுகிறது.

விதித்த வேகமும் கூட்டிய வேகமும்

நினைவகத்திற்கான பொது விதிகளை வகுப்பது ‘ஜெடெக்’ என்னும் அமைப்பு. 2012-இல் அது வெளியிட்ட டி.டி.ஆர். 4 விதிப்படி மின்னழுத்தம் 1.2 வோல்ட். 2020-இல் வெளிவந்த டி.டி.ஆர். 5 விதிப்படி 1.1 வோல்ட். இவ்விதிகளுக்கு அப்பால், தயாரிப்பாளர்கள் தாங்களே சோதித்துப் பார்த்த கூடுதல் வேகத்தையும் டைமிங்கையும் வோல்ட்டையும் பட்டையிலேயே எழுதி வைப்பதுண்டு. 2007-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய இந்த ஏற்பாட்டுக்கு எக்ஸ்.எம்.பி. என்று பெயர். டி.டி.ஆர். 4 பட்டைகளில் இவ்வேற்பாடு பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. 3200 என்று எழுதிய பட்டையை விலை கொடுத்து வாங்கி மாட்டினாலும், ‘பயாஸ்’ என்னும் தொடக்க அமைப்பில் எக்ஸ்.எம்.பி.யை இயக்காதவரை அது 2133 அல்லது 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆதலின் முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் இந்த அமைப்புகளை மாற்ற இயலாது.

படிப்படியாக ஏறுவது எப்படி?

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. நினைவகத்தின் வேகத்தைக் கூட்டுவோர் கைக்கொள்ள வேண்டிய முறையும் அதுவே.

முதலாவது, முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது, இருக்கும் நிலையிலேயே நினைவகத்தைச் சோதித்து, அது குறையற்றது என்று உறுதி செய்ய வேண்டும். மூன்றாவது, டைமிங் எண்களைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். டி.டி.ஆர். 4-இல் 2400, 2666, 2933, 3200 என்பன வழக்கமான படிகள். நான்காவது, தாங்கும் வேகம் தெரிந்தபின், டைமிங்கில் ஒரே ஓர் எண்ணை மட்டும் ஒன்று குறைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால், பிழை எதனால் வந்தது என்று தெரியாமற் போகும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதுவது அவசியம். விஞ்ஞானப் பரிசோதனைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த நோட்டுத்தான்.

கணிப்பொறி தொடங்கவே மறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. பல மதர்போர்டுகள் சில முறை முயன்று பழைய அமைப்புக்குத் தாமே திரும்பிவிடும். இல்லையேல் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்டினால் போதும். இதனைப் பழக்கமுள்ள பெரியவர் துணையோடு செய்தல் நன்று.

வோல்ட்டின் எல்லை

தாங்காத வேகத்தைத் தாங்கச் செய்ய வோல்ட்டைக் கூட்டுவது ஒரு வழி. மின்னூட்டம் வலுவாக இருந்தால் 1 எது, 0 எது என்று விரைவில் பிரித்தறியலாம். ஆனால் வோல்ட் கூடினால் சூடும் கூடும்; சூடு கூடினால் கசிவும் கூடும் என்று மேலே கண்டோம். ஆகவே ஓர் எல்லைக்குப் பின், உதவ வந்த வோல்ட்டே பிழைக்குக் காரணமாகிவிடுகிறது. டி.டி.ஆர். 4 சிப்புகளுக்கு 1.5 வோல்ட் என்பது உச்ச வரம்பு. அது பயன்படுத்த வேண்டிய அளவு அன்று, தாண்டக்கூடாத வேலி.

பட்டையை மட்டும் பார்த்தால் போதாது. அதனோடு பேசும் பகுதி பிராசசருக்குள் இருக்கிறது. அதற்கும் தனி வோல்ட் உண்டு. 2023-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் சில ரைசன் 7000 வரிசைப் பிராசசர்கள் கருகிப் போயின. நினைவகத்தைக் கூட்டி ஓட்டும் அமைப்பை இயக்கியபோது சில மதர்போர்டுகள் இந்த வோல்ட்டை அளவுக்கு மேல் ஏற்றியதே அதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. அதன்பின் 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி ஏ.எம்.டி. வரம்பு கட்டியது. தன்னியக்கமாக நடப்பது எல்லாம் பாதுகாப்பானது என்று நம்பிவிடலாகாது என்பதற்கு இது சான்று.

நம் ஊரில் மின்சாரம் ஏறி இறங்குவது வழக்கம். ஆனால் சுவரில் வரும் 230 வோல்ட் வேறு, நினைவகத்தின் 1.2 வோல்ட் வேறு. இடையில் உள்ள பவர் சப்ளையும் மதர்போர்டும் அதனைச் சீராக்கித் தருகின்றன. எனினும் சோதனையின் நடுவிலோ, கோப்பு எழுதப்படும்போதோ மின்சாரம் நின்றால் தொல்லை. யு.பி.எஸ். இருப்பது நலம்.

துணியில் விழும் ஓட்டை

இனி இக்கட்டுரையின் மையச் செய்திக்கு வருவோம். 30 அங்குல டயாவும் 24 கேஜும் உள்ள நிட்டிங் மெஷினில், வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டால், சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். 90 இடங்களில் நூல் ஊட்டப்பட்டு, நிமிடத்திற்கு 25 சுற்று சுற்றினால், ஒரு நிமிடத்தில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்ணிகள் பின்னப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நழுவினாலும் துணியில் ஓட்டை. ஆனால் நூல் அறுந்தால் மெஷின் தானே நின்றுவிடும். விளக்கு எரிந்து ஆபரேட்டரை அழைக்கும்.

சாதாரணக் கணிப்பொறி நினைவகத்தில் அப்படி நிற்கும் ஏற்பாடு இல்லை. ஒரு பிட் மாறிப்போனாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். திரை அணையாது, மணி அடிக்காது. ஓட்டையோடே துணி இறங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு பிட் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். இரும எண்முறையில் ஒரு பிட்டின் இடமதிப்பு 4,096. ஒரு கம்பெனியின் கணக்கில் 5,000 உருப்படி என்று பதிந்திருக்க, அந்த ஒரு பிட் 1-லிருந்து 0 ஆனால், எஞ்சுவது 904! இது கற்பனையான பயம் அன்று. 2003-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் ஸ்கார்பேக் நகரில், மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4,096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாயின. கிடைக்கக்கூடியதைவிட அதிகமாக வாக்குகள் இருந்ததால்தான் தவறு கண்டுபிடிக்கப்பட்டது. நினைவகத்தில் ஒரு பிட் தானே மாறியிருக்க வேண்டும் என்பதே வல்லுநர்கள் தந்த விளக்கம். அங்கே எவரும் வேகத்தைக் கூட்டவில்லை. விதித்த வேகத்திலேயே இப்படி நேரலாம் என்றால், எல்லையின் விளிம்பில் ஓட்டும்போது எத்தனை எச்சரிக்கை வேண்டும்!

பிழை பொறுக்கவே முடியாத இடங்களில், ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும் இ.சி.சி. நினைவகத்தைப் பயன்படுத்துகின்றனர். நூல் அறுந்தால் நிற்கும் மெஷினுக்கு இதனை ஒப்பிடலாம்.

செக்கிங் இல்லாத வேகம்

நம் வீட்டுக் கணிப்பொறிக்குச் செக்கிங் செய்வது நம் பொறுப்பு. மெம்டெஸ்ட் 86 போன்ற சோதனை நிரல்கள், நினைவகம் முழுவதும் வெவ்வேறு வடிவங்களில் 1, 0 எழுதி, மீண்டும் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஐந்து நிமிடம் ஓடினால் போதாது. ஓர் இரவு முழுவதும் ஓட வேண்டும். பின்னர் கடும் நண்பகல் வெப்பத்திலும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். மார்கழியில் தேறியது பங்குனியில் தோற்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். ஒரு படி இறங்கிவிட வேண்டும். தேறிய நிலையிலும் சிறிது இடம் விட்டு ஓட்டுவதே அறிவுடைமை.

இவ்வளவு பாடுபட்டுப் பெறுவது என்ன? கடிதம் அச்சிடவும், கணக்கு எழுதவும், பாடம் படிக்கவும் பயன்படும் கணிப்பொறியில் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் நினைவகத்தையே படங்களுக்கும் பகிர்ந்துகொள்ளும் கணிப்பொறிகளில் ஓரளவு பயன் தெரியும். விதித்த அளவை மீறினால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாமற் போகவும் கூடும். இலாப நட்டத்தைச் சீர்தூக்கிய பின்பே இறங்க வேண்டும்.

தோழியரே! நம் தாய்மாரிலும் அக்காமாரிலும் பலர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் நாள் முழுவதும் நின்று, ஒவ்வொரு உருப்படியையும் விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, ஓட்டையும் கறையும் தையல் பிசகும் கண்டு ஒதுக்குகின்றனர். மெஷின் ஓட்டுவது பெரிய வேலை, செக்கிங் சிறிய வேலை என்று சொல்வோர் உண்டு. கணிப்பொறி விஞ்ஞானம் நமக்கு வேறு பாடம் கற்பிக்கிறது. ‘ஓடுகிறது’ என்பது வேறு, ‘சரியாக ஓடுகிறது’ என்பது வேறு. இரண்டுக்கும் இடையே நிற்பவர் சோதிப்பவரே. மெஷின் நிமிடத்திற்கு எத்தனை இலட்சம் கண்ணி பின்னினாலும், அந்தக் கைகள் பார்த்து அனுப்பியதே கப்பல் ஏறுகிறது. நாளை நம்மில் எவரேனும் கணிப்பொறியின் முன் அமர்ந்து வேகத்தைக் கூட்ட நேர்ந்தால், அம்மா டேபிளில் செய்யும் அதே வேலையை, அதே பொறுமையோடு நாமும் செய்யக் கடவோம்.