பக்கத்தில்தானே தீம் பார்க் என்று கிளம்புகிறீர்களா?

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததுமே வாண்டுகள் ஆரம்பித்துவிடும். "அப்பா, நாளைக்கு பார்க் போலாம்பா... ப்ளீஸ்!" அம்மா காலண்டரைப் பார்ப்பார், அப்பா பர்ஸைப் பார்ப்பார். கடைசியில் ஜெயிப்பது என்னவோ வாண்டுகள்தான்!

பொத்தேரி, கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம் அதிகம். வண்டலூர் போய் கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்தால் ஓ.எம்.ஆர்., அதைத் தாண்டினால் கோவளம், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் முட்டுக்காடு எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்ட். இன்னும் வடக்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. 'மை டியர் குட்டிச்சாத்தான்' படம் எடுத்த நவோதயா அப்பச்சன், தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தாவைத் திறந்தது 1995-ல். அன்றைக்கு அங்கே தண்ணீரில் ஆட்டம் போட்ட பிள்ளைகள் இன்றைக்கு அப்பா, அம்மாக்கள்! 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் வந்துவிட்டது.

சரி, சந்தோஷமான விஷயம்தானே, இதில் ஹெல்த் பத்திரிகைக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது!

'பக்கம்' என்பதுதான் பிரச்னை

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதென்றால் நாம் எவ்வளவு ஏற்பாடு செய்கிறோம்! மாத்திரை டப்பா, தண்ணீர் பாட்டில், மாற்று உடை, வாந்தி வந்தால் பிடிக்க பாலிதீன் பை வரைக்கும் போகும். ஆனால் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பார்க்குக்கு? "பக்கத்துலதானே, சாயங்காலம் வந்துடப் போறோம்" என்று வெறுங்கையோடு கிளம்பிவிடுகிறோம். தாத்தாவின் பி.பி. மாத்திரை வீட்டு அலமாரியிலேயே இருக்கும். குழந்தைக்கு முந்தின நாள் பேதியானது மறந்தே போயிருக்கும்.

உடம்புக்குத் தூரக் கணக்கு தெரியாது. கடற்கரை வெயிலில் ஆறு, ஏழு மணி நேரம் நிற்பதும் நடப்பதும், தண்ணீரில் ஊறுவதும் அதற்கு உழைப்புதான். பெரும்பாலான பார்க்குகளில் கேட் திறப்பது காலை பத்தரை, பதினொரு மணிக்கு. மூடுவது சாயங்காலம் ஆறு மணி வாக்கில். அதாவது, ஒரு நாளில் வெயில் கொளுத்தும் நேரம் முழுக்க நாம் உள்ளேதான் இருக்கிறோம்.

தலை சுற்றுவது ஏன்?

எல்லோரும் பயப்படுவது ராட்டினத்துக்குத்தான். அதைப் பற்றியே முதலில் பார்த்துவிடுவோம்.

நம் காதுக்குள்ளே, செவிப்பறையைத் தாண்டி, மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் திரவம் நிரம்பியிருக்கும். தலை திரும்பும்போது திரவம் அசையும். அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று மூளை தெரிந்துகொள்கிறது. ராட்டினம் நின்ற பிறகும் திரவம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். கண், "நின்னாச்சு" என்கிறது. காது, "இல்லை, இன்னும் சுத்துறோம்" என்கிறது. இந்தச் சண்டைதான் மயக்கம், குமட்டல், வாந்தி எல்லாவற்றுக்கும் காரணம். இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

வழி? வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. அதற்காகக் காலி வயிறும் வேண்டாம். நாலு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறினால் சரியாக இருக்கும். இறங்கியதும் உட்கார்ந்து, தூரத்தில் அசையாமல் இருக்கும் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். வாந்தி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தூக்கம் வரும், வாய் உலரும்.

ரோலர் கோஸ்டர் பள்ளத்தில் இறங்கி மேலேறும் நொடியில் உடம்பின் எடை மூன்று, நான்கு மடங்கு போலத் தெரியும். 30 கிலோ பையனின் கழுத்தும் முதுகும் அந்த ஒரு நொடி 90 கிலோ ஆளைத் தாங்குவது போல! ஆரோக்கியமான உடம்பு இதைத் தாங்கிவிடும். ஆனால் கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், பி.பி. கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கழுத்து - முதுகு வலிக்காரர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், சமீபத்தில் கண் ஆபரேஷனோ வேறு ஆபரேஷனோ செய்துகொண்டவர்கள்... இவர்கள் எல்லாம் கீழே நின்று கை தட்டுவதே நல்லது.

உயரக் குச்சியை வைத்து அளக்கிறார்களே, அது டிக்கெட் விவகாரம் இல்லை. பாதுகாப்புக் கம்பி தோளிலும் இடுப்பிலும் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக. "ரெண்டு இஞ்ச்தானே, விடுங்க சார்" என்று கெஞ்சி ஏற்றிவிடாதீர்கள். அந்த இரண்டு அங்குல இடைவெளியில்தான் குழந்தை நழுவும்.

வேர்க்கும்... ஆனால் உடம்பு ஆறாது!

ராட்டினத்தில் ஏறுவது இரண்டு நிமிடம். அதற்கு க்யூவில் நிற்பது அரை மணி. உண்மையான சோதனை அந்த க்யூவில்தான்.

வியர்வை வந்தால் உடம்பு குளிர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. வியர்வை ஆவியாகப் போனால்தான் சூடு குறையும். முட்டுக்காடு, கோவளம் மாதிரி கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைய. அதனால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரும் உப்பும் வெளியேறும், சூடு மட்டும் உள்ளேயே தங்கும்.

தலைவலி, களைப்பு, கால் பிடித்து இழுத்தல், குமட்டல், சில்லென்று ஈரமான தோல்... இவையெல்லாம் உடம்பு அடிக்கும் முதல் மணி. அப்போதே நிழலுக்குக் கூட்டிப் போய், சட்டையைத் தளர்த்தி, விசிறி, உப்பு - சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் சரியாகிவிடும்.

பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் உளறினால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், அது வெப்ப பக்கவாதம் என்கிற ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதீர்கள். உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். "சுடுதே" என்று பாராசிட்டமால் கொடுப்பதும் வீண். இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது.

பை காக்கும் பாட்டி

இப்போது ஒரு கேள்வி. பார்க்குக்குப் போன குடும்பத்தில் அதிக ஆபத்தில் இருப்பவர் யார்? ரோலர் கோஸ்டரில் தலைகீழாகப் போகும் காலேஜ் பையனா? தண்ணீர் சறுக்கில் பாயும் அக்காவா?

பெரும்பாலும் இருவருமே இல்லை. எதிலும் ஏறாமல், "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் பாட்டி!

யோசித்துப் பாருங்கள். அறுபது, எழுபது வயதில் தாகம் எடுக்கும் உணர்ச்சியே குறைந்துவிடும். பாத்ரூம் தூரம் என்பதால் தண்ணீரைத் தொடவே மாட்டார். பி.பி.க்குச் சாப்பிடும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் பிரிய வைத்து உடம்பின் தண்ணீரைக் குறைப்பவை. காலையில் நிழலாக இருந்த பெஞ்ச் மத்தியானம் வெயிலுக்கு வந்துவிடும். ஆனாலும் 'பிள்ளைகள் தேடுவார்களே' என்று இடத்தை விட்டு அசைய மாட்டார். அவரைக் கவனிக்க ஆளும் இருக்காது. எல்லோர் கண்ணும் குழந்தைகள் மேல்!

எனவே, பைகளை லாக்கரில் போடுங்கள். அந்தச் செலவு தண்டம் இல்லை. பெரியவர்களை மின்விசிறியோ ஏ.சி.யோ உள்ள இடத்தில் உட்கார வையுங்கள். குடும்பத்தில் ஒருவர் முறை வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்த்து, கையில் டம்ளரைக் கொடுத்து, குடிக்கும்வரை நில்லுங்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால், எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தண்ணீர்ப் பகுதியில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். மத்தியான வெயிலில் சிமென்ட் தரை தோசைக்கல் மாதிரி காயும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கொப்புளம் போட்டதே தெரியாது. தண்ணீரில் போடக்கூடிய ரப்பர் செருப்பை அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மேல். சாப்பாட்டு நேரம் தள்ளிப் போனால் சர்க்கரை இறங்கிவிடும். பையில் நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டோ கொஞ்சம் சர்க்கரையோ இருக்கட்டும்.

மூழ்கும் குழந்தை கத்தாது

சினிமாவில் தண்ணீரில் விழுந்தவர் கையை ஆட்டி, "காப்பாத்துங்க!" என்று கத்துவார். நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம். மூச்சு விடவே வழியில்லாத குழந்தை எப்படிக் கத்தும்? சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். சுற்றிலும் பாட்டு, கூச்சல், கும்மாளம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

அதனால் அலைக் குளத்தில் சின்னக் குழந்தை உங்கள் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். அலை தள்ளிக் குப்புற விழுந்தால் அந்த ஆழமே அதிகம். காற்று ஊதிய ட்யூப் விளையாட்டுச் சாமான், உயிர் காக்கும் சாதனம் இல்லை. "எல்லாரும் பாத்துக்கறோம்" என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். "இப்ப நான், அடுத்த அரை மணி நீங்க" என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் கையில் செல்போன் கூடாது!

மூழ்கியவரைத் தூக்கியதும் தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் தப்பு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும் மார்பை அழுத்துவதும்தான் முதலுதவி. உயிர்காப்பு ஊழியரைக் கூப்பிடுங்கள், 108-ஐ அழையுங்கள். பிழைத்து எழுந்த குழந்தை தொடர்ந்து இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, சோர்ந்து தூங்கி விழுந்தாலோ வீட்டுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். குளத்தருகே மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால், "நல்லா குளோரின் போட்டிருக்காங்க" என்று திருப்திப்படுகிறோம். உண்மை வேறு! குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் பொருளின் நெடி அது. கண் சிவந்து எரிவதற்கும் அதுவே முக்கியக் காரணம். நெடி தூக்கலாக இருந்தால் அந்தக் குளத்தைத் தவிருங்கள். இறங்கும் முன் எல்லோரும் குளியுங்கள், குழந்தைகளைப் பாத்ரூம் கூட்டிப் போங்கள். பேதி ஆகிற குழந்தையைக் குளத்தில் இறக்கவே கூடாது. சில கிருமிகள் குளோரினிலும் பல நாள் உயிரோடு இருக்கும்.

நாளை எப்படிப் பிரிப்பது?

* போனதும் முதல் ஒன்றரை மணி நேரம் ராட்டின வகைகள். வயிறு லேசாக, வெயில் குறைவாக இருக்கும் நேரம்.

* பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை சாப்பாடு, கூரைக்குள் நடக்கும் காட்சிகள், ஓய்வு.

* மூன்றுக்கு மேல் தண்ணீர். வெயிலும் இறங்கியிருக்கும். உதடு நீலமானால், நடுங்கினால் உடனே கரையேற்றுங்கள்.

* தண்ணீரில் இருந்தாலும் உடம்பின் நீர் வற்றும். குழந்தைக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் குடிக்கக் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம்.

* பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது.

* அன்றாட மாத்திரைகள், தொப்பி, பருத்தி உடை, துண்டு மறக்க வேண்டாம். வெளிச் சாப்பாட்டை அனுமதிக்காத பார்க்குகள் உண்டு. மருந்தும் குழந்தை உணவும் கொண்டுவரலாமா என்று போனில் கேட்டுவிடுங்கள்.

வீடு வந்து சேரும்வரை...

ஆட்டம் முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடியவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண் சொருகும். கிளம்பும் முன் அரை மணி உட்கார்ந்து, டிபன் சாப்பிட்டு, காபி குடித்துவிட்டு எடுங்கள். ஸ்கூட்டரில் நடுவில் உட்கார்ந்த குழந்தை கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிழும். பின்னால் இருப்பவர் பிடித்திருந்தாலும் ஒரு குழியில் வண்டி குதித்தால் போதும்! அந்த ஒரு நாளைக்குப் பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ போய் வாருங்கள். இரு சக்கர வண்டிதான் என்றால் குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

பார்க் பக்கத்தில் இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. 'கொடுத்த காசுக்கு எல்லாத்திலும் ஏறியாகணும்' என்று ஒரே நாளில் அடித்துப் பிடிக்க வேண்டியதில்லை. குழந்தை சோர்ந்துவிட்டதா, பாட்டிக்குத் தலை வலிக்கிறதா... நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். மீதி ராட்டினம் எங்கேயும் ஓடிப் போகாது. பக்கத்தில்தானே, அடுத்த லீவுக்கு வந்தால் போச்சு!