பஞ்சுத் திரியும் காய்ச்சலும்

1980-ம் ஆண்டு. அமெரிக்காவில் நல்ல உடல் நலத்தோடு இருந்த இளம் பெண்கள் பலர் திடீர் திடீரென்று படுத்தார்கள்.

முதலில் கடுங்காய்ச்சல். பிறகு வாந்தி, பேதி. வெயிலில் வெந்தது போல் உடம்பு சிவந்தது. எழுந்து நின்றால் மயக்கம். அந்த ஒரே ஆண்டில் 800-க்கு மேற்பட்ட பெண்களை இந்த நோய் தாக்கியது. 30-க்கு மேற்பட்டோர் இறந்து போனார்கள்!

டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள். நோய் கண்ட நாளில் அந்தப் பெண்களுக்கு மாதவிலக்கு. ஏறக்குறைய எல்லாருமே "டாம்பன்" வைத்திருந்தார்கள்.

டாம்பன் என்பது என்ன?

விரல் பருமன் உள்ள பஞ்சுத் திரிதான் டாம்பன். பெண்ணின் பிறப்பு வழிக்குள் அதை வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தை அது உள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒரு நூல் தொங்கும். அதைப் பிடித்து மெல்ல இழுத்தால் திரி வந்துவிடும். டென்வர் நகரத்து டாக்டர் ஏர்ல் ஹாஸ், அட்டைக் குழாயில் வைத்துத் தள்ளும் டாம்பனைக் கண்டுபிடித்தார். 1933-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

"உள்ளே போய்த் தொலைந்துவிட்டால்?" என்று பெண்கள் பயப்படுவது உண்டு. தொலையாது. அந்த வழியின் கோடியில் கருப்பையின் வாய் இருக்கிறது. அதன் துவாரம் மிகச் சிறியது. திரி அதற்குள் நுழைய முடியாது. சிறுநீர் வருவது வேறு துவாரம். ஆகவே சிறுநீர் கழிக்கத் திரியை எடுக்க வேண்டியதில்லை. கல்யாணம் ஆகாத பெண்களும் வைத்துக்கொள்ளலாம்.

விஷம் எங்கிருந்து வந்தது?

"ஸ்டாபிலோகாக்கஸ்" என்று ஒரு கிருமி. பலருடைய மூக்கிலும் தோலிலும் அது சும்மா குடியிருக்கிறது. ரத்தத்தில் ஊறிய திரி வெகு நேரம் உள்ளே கிடந்தால், அந்தக் கிருமியில் சில வகை விஷத்தைக் கக்குகிறது. விஷம் ரத்தத்தில் கலக்கிறது.

அப்போது "ரிலை" என்ற டாம்பன் கடைக்கு வந்திருந்தது. அது சாதாரணப் பஞ்சு அல்ல. நுரை போன்ற செயற்கைப் பொருளால் ஆனது. ஏராளமாக உறிஞ்சும். அதிகம் உறிஞ்சும் திரியில்தான் ஆபத்தும் அதிகம் என்று தெரிந்தது. 1980 செப்டம்பரில் ரிலை கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு நோய் வெகுவாகக் குறைந்தது. இன்று அது மிக அபூர்வம். ஆனால் அடியோடு போய்விடவில்லை.

எப்படி வைப்பது?

வைக்கும் முன்பும் பின்பும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். போக்குக்குத் தக்கபடி, குறைவாக உறிஞ்சும் திரியே போதும். 4 மணி முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். 8 மணிக்கு மேல் கூடவே கூடாது. அதற்கு மேல் தூங்குகிறவர்கள் இரவில் பேடு வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளைப்படுதலுக்கு டாம்பன் வைக்கக் கூடாது. கடைசி நாளில் திரியை எடுக்க மறந்துவிடுகிற பெண்களும் இருக்கிறார்கள்!

டாம்பன் வைத்திருக்கும்போது திடீர்க் காய்ச்சலோ வாந்தியோ மயக்கமோ வந்தால், உடனே திரியை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். திரி வைத்திருந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

துணியும் பேடும்

நம் ஊரில் பேடும் துணியும்தான் அதிகம். பேடை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

துணி மட்டம் அல்ல. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய வைத்தால் போதும். ஆனால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று ஈரப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப் போடுகிறார்கள். அது காய்வதே இல்லை. அந்த ஈரத் துணியையே மறுபடி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அரிப்பும் புண்ணும் வருகின்றன.

மாதவிலக்கில் தினம் குளிக்கலாம். உள்ளே சோப்புப் போட்டுக் கழுவுவது மட்டும் ஆகாது.

ஒரு முறை மாதவிலக்கில் போகிற ரத்தம் சாதாரணமாக இரண்டு மூன்று பெரிய கரண்டி அளவுதான். மணிக்கு ஒரு பேடு நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்படிப் போகிற பெண்கள்தான் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பார்கள். "வேலை அதிகம், அதனால்தான்" என்று வீட்டில் இருப்பவர்களும் விட்டுவிடுகிறார்கள். ரத்தச் சோகையா என்று ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.