தைத்து முடித்த போர்வையைத் துவைக்க வேண்டுமா?

வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்றால், பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, ஓரம் மடித்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை தைக்கும் பாட்டிமார் இன்றும் உள்ளனர். வங்காளத்தின் காந்தாவும் பீகாரின் சுஜனியும் இவ்வாறு பழஞ்சேலையில் பிறந்தவையே.

“பலமுறை துவைத்த சேலைதானே, மறுபடியும் ஏன் துவைக்க வேண்டும்?” என்று கேட்போர் உண்டு. துவைக்கத்தான் வேண்டும் என்பதே எங்கள் விடை. தைக்கும் நாள்களில் கைவியர்வையும் தரைத் தூசியும் துணியில் படிகின்றன. ஓரத்துக்கு வைத்த புதுத்துணியில் கஞ்சிப்பசையும் ஒட்டாத சாயமும் இருக்கும். இவை மென்மையான தோலை உறுத்தக்கூடும்.

இவற்றினும் கவலைக்குரியது அந்துருண்டை. பெட்டியில் அதனுடன் கிடந்த சேலையில் நாப்தலின் ஏறியிருக்கும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையையும் இரத்தசோகையையும் உண்டாக்கும். எண்ணெய் தேய்த்த உடலில் அது எளிதாக உட்புகும். துவைத்தாலும் அது முழுவதும் நீங்கும் என்பதற்கில்லை. ஆகவே, அந்துருண்டையுடன் இருந்த துணியைக் குழந்தைக்குத் தைக்காதீர்கள்.

துவைக்குமுன் போர்வை முழுவதையும் தடவி, ஊசியோ குண்டூசியோ தங்கியுள்ளதா எனப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயம் போகிறதா எனச் சோதியுங்கள். மென்மையான சோப்பில் தனியாக அலசி, நுரை அடங்கும்வரை நீர் மாற்றுங்கள். முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வடியுங்கள். இலவம்பஞ்சு அடைத்தவற்றை நனைத்தால் பஞ்சு கட்டிபடும். அவற்றின் உறையை மட்டும் துவைத்து, பஞ்சை வெயிலில் உலர்த்துங்கள்.

உலர்த்துவதே நம் ஊரில் கடினமான பகுதி. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் தென்காசிவரை வீசும்போது, மேல்துணி காய்ந்திருக்க, உள்ளடுக்கில் ஈரம் நின்றுவிடும். அங்கே பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் அது தீங்கு. தையல் தடித்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; குளிர்ந்திருந்தால் இன்னும் காயவில்லை. வெயில் வரும்வரை போர்வை காத்திருக்கட்டும். அதுவரை துவைத்து உலர்ந்த ஒற்றைச் சேலை போதும்.

இறுதியாக ஒன்று. ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை இருத்தலாகாது; முகத்தை மூடி மூச்சை அடைக்கக்கூடும். குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் அருகிலிருக்கத் தரையில் விரித்துப் படுக்கவைக்க அது உதவும். பாட்டியின் உழைப்பு வீணாகாது. குழந்தை வளர்ந்தபின் போர்த்திக்கொள்ளவும் அது இருக்கும்.