சேலத்துத் துப்பறியும் படங்கள்

உடையிலும் ஒளியிலும் மிடுக்கு மிக்கனவாய், கதையில் மட்டும் முன்னுக்குப் பின் இயையாதனவாய்ச் சில திரைப்படங்கள் உள. அவற்றுள் ஒற்றர் கதைகளின் தோற்றத்தையும், அவை நம் கொங்கு நாட்டை அடைந்தவாற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

1962இல் வெளிவந்த 'டாக்டர் நோ' என்னும் ஆங்கிலப் படம் பெற்ற ஊதியத்தைக் கண்ட இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளின் பட முதலாளிகள், அவ்வகைப் படங்களைச் சிறு முதல் கொண்டு பலவாக ஆக்கினர். ஒருவர் முதல் போதாமையின் இரு நாட்டாரும் மூன்று நாட்டாரும் கூடினர். கூடியோர் தத்தம் நடிகர்க்கு இடம் வேண்டினர். தத்தம் நாட்டுக் காட்சிகளையும் வேண்டினர். எனவே ஒற்றன் தக்க காரணமின்றி ஊர்விட்டு ஊர் பறந்தான்; கதையின் இழை அறுந்தது. அக்குறையை மறைக்கப் பகட்டு மிகுந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜான் புரூஸ் 1949இலேயே 'ஓ.எஸ்.எஸ். 117' என்னும் ஒற்றனைப் படைத்திருந்தார். அவனைப் பாங்காக் நகருக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டுப் படத்தைத் தழுவியதே, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1966இல் வெளியிட்ட 'வல்லவன் ஒருவன்'. ஆர். சுந்தரம் இயக்க, வேதா இசையமைக்க, ஜெய்சங்கர் நாயகராக நடித்தார். 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்' தொடர்ந்தது; அதில் நடித்த சகுந்தலாவின் பெயரோடு 'சி.ஐ.டி.' என்பது ஒட்டிக்கொண்டது. முன்னரே தளர்ந்த கதைப்போக்கு, இடையே புகுந்த பாட்டாலும் நகைச்சுவையாலும் மேலும் தளர்ந்தது.

இவ்வாறு ஆயது ஏன்? 1937இல் 'சதி அகல்யா'வை வெளியிட்டுத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிலையம், நிறுவியவராகிய டி. ஆர். சுந்தரம் 1963இல் மறைந்த பின்னும் ஆலைபோல் இயங்க வேண்டியிருந்தது. தச்சரும் தையற்காரரும் விளக்குப் பிடிப்போரும் மாதச் சம்பளத்தை நம்பியிருந்தனர். தறி நின்றால் அடுப்பும் நிற்கும் என்பதைக் கொங்கு நாட்டார்க்கு யாம் விளக்க வேண்டா. பழுதற்ற கதை வாய்க்கும்வரை கைகட்டி இருத்தல் அவர்கட்கு இயலாததாயிற்று.

இலக்கணம் பயிலும் நாம் வழுவை வழுவென்றே கூறல் வேண்டும். எனினும், காரணம் நோக்கி ஏற்றுக்கொள்ளும் வழுவமைதியும் நம் இலக்கணத்தில் உண்டன்றோ? சேலத்துப் படங்கட்கு அவ்வமைதி பொருந்தும். பெருமுதலும் போதிய காலமும் பெற்றும் கதையைப் பேணாத படங்கட்கு அது பொருந்தாது. ஏற்காட்டுச் சாலையில் இன்று அந்நிலையத்தின் நுழைவாயில் வளைவே எஞ்சி நிற்கின்றது. அவ்வழிச் செல்லும் நண்பர்கள், அதனுள் உழைத்தோரையும் ஒருகணம் நினைப்பாராக.