கூடுதல் குதிரைத்திறன் எங்கிருந்து வருகிறது?

மாருதி ஸ்விஃப்ட் டீசலிலும் எர்டிகா டீசலிலும் பல ஆண்டுகள் ஓடியது ஒரே ஃபியட் இன்ஜின்தான்: 1,248 சிசி, நான்கு சிலிண்டர். ஆனால் ஸ்விஃப்டில் அதன் திறன் சுமார் 75 குதிரைத்திறன், எர்டிகாவில் 90. 'அப்படியானால் என் வண்டியில் 15 குதிரைகளைக் கம்பெனிக்காரர்கள் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்களா?' என்ற சந்தேகம் ஸ்விஃப்ட்காரர்களுக்கு வருவது இயல்பு. அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறோம் என்று சொல்லித்தான் டியூனிங் பாக்ஸ், ரீமேப், 'ஸ்டேஜ் 1' எல்லாம் விற்பனையாகின்றன.

உண்மையில் எர்டிகாவில் மாறியது மென்பொருள் மட்டுமல்ல, டர்போவே வேறு. இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத் தகடுகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வகை அது. ஸ்விஃப்டில் அந்த வசதி இல்லை.

இன்றைய காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில், என்ன அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும் என்பதை ஈசியு என்ற கணினி முடிவு செய்கிறது. இன்ஜின் வேகம் ஒரு பக்கம், சுமை மறுபக்கம் என்று அதன் நினைவகத்தில் அட்டவணைகள் இருக்கின்றன. 1980களிலும் 90களிலும் இந்த அட்டவணை இருந்த சிப்பையே கழற்றி வேறொன்றைச் செருகினார்கள். இப்போது டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஓபிடி போர்ட்டில் லேப்டாப்பை இணைத்து அட்டவணையைத் திருத்துகிறார்கள். அதுதான் ரீமேப்.

டீசல் கார்களுக்கான டியூனிங் பாக்ஸ் வேறு வழியில் போகிறது. எரிபொருள் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவே உட்கார்ந்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்கிறது. ஈசியு அதை நம்பி அழுத்தத்தைக் கூட்ட, ஒவ்வொரு பீய்ச்சலிலும் அதிக டீசல் உள்ளே போகிறது.

டர்போ உள்ள இன்ஜினில் இதனால் 20 சதவீதம் வரைகூடத் திறன் கூடலாம். டர்போ கூடுதல் காற்றைத் திணித்துத் தரும் என்பதே காரணம். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காரில் பிஸ்டன் இழுக்கும் காற்றுதான் எல்லை. அங்கே கிடைப்பது சில சதவீதம். ஓட்டும்போது தெரிவதே கடினம்.

ராஜஸ்தானின் மே மாத வெயில், லடாக்கின் மெல்லிய காற்று, தரம் குறைந்த எரிபொருள், தள்ளிப்போடப்பட்ட ஆயில் மாற்றம் எல்லாவற்றையும் தாங்கி ஓட வேண்டும் என்றே தயாரிப்பாளர் இன்ஜினில் இடைவெளி விட்டு வைக்கிறார். சிப் புதிதாக எதையும் படைப்பதில்லை. அந்த இடைவெளியை எடுத்துச் செலவழிக்கிறது.

செலவு முதலில் தெரிவது பெரும்பாலும் கிளட்ச்சில். திடீரென்று எழும் இழுவிசையைத் தாங்காமல் அது வழுக்கத் தொடங்கும். சிலிண்டர் அழுத்தமும் புகையின் வெப்பமும் ஏறுவதால் டர்போவின் ஆயுள் குறையும். எரியாத டீசல் கரும்புகையாகும். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி சீக்கிரம் அடைபடும். கரியைக் குறைக்க எரிதலைச் சூடாக்கினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். இந்த இழுபறியைக் குறுக்குவழியில் சமாளிக்கப் பார்த்துத்தான் ஃபோக்ஸ்வாகன் 2015இல் மாட்டிக்கொண்டது. சோதனையின்போது மட்டும் சுத்தமாக ஓடும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது.

மைலேஜ் கூடும் என்ற பேச்சிலும் கவனம் தேவை. ஒரே சாலையில் ஒரே வேகத்தில் போகத் தேவையான ஆற்றலை எந்தச் சிப்பும் குறைக்காது. பொய்ச் செய்தி பெற்ற ஈசியு, குறைவாகவே டீசல் செலவழித்ததாகக் கணக்கிட்டு மீட்டரில் நல்ல எண்ணைக் காட்டும். டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சில நூறு ரூபாய்க்கு விற்கும், விளக்கு மட்டும் மினுக்கும் 'எரிபொருள் சேமிப்பு' பிளக்குகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுவரை சோதித்த நூற்றுக்கும் மேற்பட்ட சேமிப்புக் கருவிகளில் மிகச் சிலவே சிறு பலனாவது தந்தன.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. வாரண்டி போகக்கூடும், இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால் விபத்து இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம்.

எல்லாம் தெரிந்தும் ஆசை தீரவில்லை என்றால், டியூனரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் கிளட்ச் எவ்வளவு இழுவிசை தாங்கும்? புகையின் வெப்பத்தை எந்த அளவில் நிறுத்துகிறீர்கள்? பழைய ஃபைலைச் சேமித்து எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போடுவீர்களா? குதிரைத்திறனை மட்டும் சொல்லி மற்றவற்றுக்கு மழுப்புகிறவரிடம் காரை விட வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயரும் காலத்தில் ஒரு சர்வீஸும் செய்தால், அன்றாடம் ஓட்டுகிற பெரும்பாலோருக்கு அதுவே கூடுதல் லாபம்.