எரிபொருள் எது, வேகத்தைக் கூட்டுவது எது?

காப்பார் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அந்த உயரமான புகைபோக்கிகள் பழக்கமானவை. சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம், நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் என மூவகை எரிபொருளையும் பயன்படுத்தும் வகையில் கட்டப்பட்டது. அங்கே எந்த எரிபொருள் எரிகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகமாக எரிகிறது என்பது வேறொரு கேள்வி. தொட்டியில் எண்ணெய் நிரம்பி வழிந்தாலும், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கூட்டினால்தான் விசையாழி வேகம் பிடிக்கும்.

உங்கள் உடலைப் பற்றிப் புலனத்தில் வரும் பல செய்திகள் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. “காலையில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் குடியுங்கள், வளர்சிதை மாற்றம் வேகமாகும், தைராய்டு சரியாகும், மாத்திரையே வேண்டாம்” என்ற செய்தி உங்கள் வீட்டுக் குழுவுக்கும் வந்திருக்கலாம். இதில் எது உண்மை என்று பார்ப்போம்.

முதலில் எரிபொருள். நம் மாநிலத்திலேயே, கோலா சிலாங்கூர் பக்கமுள்ள தென்னமாரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டு ஹென்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை முதன்முதலாக வணிக முறையில் பயிரிட்டார். இன்று நம் வீட்டுச் சட்டியில் கொதிப்பது பெரும்பாலும் அந்தச் செம்பனை எண்ணெய்தான். அதில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிடிக் அமிலம். பெயரிலேயே பனை இருக்கிறது பாருங்கள். 1840-இல் எட்மண்ட் ஃபிரெமி என்ற வேதியியலாளர் செம்பனை எண்ணெயிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்.

பால்மிடிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறில் 16 கார்பன் அணுக்கள் இருக்கின்றன, ஆக்சிஜன் இரண்டே இரண்டுதான். குளுக்கோஸில் 6 கார்பனுக்கு 6 ஆக்சிஜன். எரிதல் என்பதே ஆக்சிஜனோடு சேர்வதுதான் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் குளுக்கோஸ் ஏற்கெனவே பாதி எரிந்த விறகு மாதிரி. கொழுப்போ காய்ந்த, புத்தம் புது விறகு. அதனால்தான் ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோ கலோரி தருகிறது, ஒரு கிராம் கொழுப்பு 9 தருகிறது. மூலக்கூறு கணக்கில் சொன்னால், குளுக்கோஸ் ஒன்றிலிருந்து 30 முதல் 32 ஏடிபி கிடைக்கும், பால்மிடிக் அமிலம் ஒன்றிலிருந்து 106 கிடைக்கும்.

இந்த வேலை நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. கொழுப்பமிலச் சங்கிலி அங்கே இரண்டு இரண்டு கார்பன்களாக வெட்டப்படுகிறது. 16 கார்பன் உள்ள பால்மிடிக் அமிலத்தை ஏழு முறை வெட்டினால் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஒரு தாளில் கோடு போட்டு வெட்டிப் பாருங்கள், ஏன் எட்டு முறை இல்லை என்பது உடனே புரியும்.

இனி வேகத்துக்கு வருவோம். அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும். அதற்குச் செலவாகும் ஆற்றலே அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம். பெரியவர்களுக்கு இது கிலோவுக்கு மணிக்கு ஒரு கிலோ கலோரி என்று தோராயமாகச் சொல்லலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,200 கிலோ கலோரி. கணக்குப் போட்டால் 58 வாட் வருகிறது, பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. வளரும் வயதில் இருப்பதால் உங்கள் பல்பு இன்னும் கொஞ்சம் பிரகாசமானது!

இந்தப் பல்பின் திருகு கழுத்தின் முன்பக்கத்தில், வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கிறது. அதுதான் தைராய்டு சுரப்பி. 1895-இல் ஜெர்மனியில் அடோல்ஃப் மக்னஸ்-லெவி என்ற மருத்துவர், தைராய்டு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதல் ஆக்சிஜனைச் செலவழிப்பதை அளந்து காட்டினார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் எட்வர்ட் கெண்டல் தைராக்சின் என்ற ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் ஒரு மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள். அதனால் சுருக்கமாக டி4. உடல் அதிலிருந்து ஒரு அயோடினைக் கழற்றினால் வருவது டி3, வீரியம் மிக்கது. டி3 உயிரணுவின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, உயிரணுச் சவ்வில் சோடியம், பொட்டாசியத்தை இறைக்கும் பம்புகள் கூடுகின்றன. புதிய புரதங்கள் உருவாக வேண்டும் என்பதால் இதற்கு நாள்கள் ஆகும். காலையில் விழுங்கி மதியம் பலன் பார்க்கிற விஷயமே இல்லை.

ஹார்மோன் அளவுக்கு மீறினால் வளர்சிதை மாற்ற வீதம் இயல்பைவிட 60 முதல் 100 விழுக்காடுவரைகூட ஏறலாம். நெஞ்சு படபடக்கும், எடை குறையும், வியர்க்கும். சுரப்பி முழுவதும் ஓய்ந்துபோனால் வீதம் 40 விழுக்காடு அளவுக்குச் சரியும். சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை ஏற்றம் எல்லாம் வரும். “சோம்பேறி” என்று வீட்டில் திட்டு வாங்குகிற ஒருவருக்கு உண்மையில் இந்தக் குறைபாடு இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தைராக்சின் எதிலிருந்து உண்டாகிறது? டைரோசின் என்ற அமினோ அமிலமும் அயோடினும் சேர்ந்து. இந்தப் பட்டியலில் எண்ணெய் இல்லை. சரவாக் உட்பகுதிக் கிராமங்களில் முன்பு முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது, காரணம் அயோடின் பற்றாக்குறை. ஒரு கிராமத்தின் குடிநீர்க் குழாயில் அயோடினைக் கலந்துவிட்டுப் பார்த்தார்கள். கழலைகள் சுருங்கின, சுரப்பியின் வேலையும் சீரடைந்தது. 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். உப்புப் பொட்டலத்தில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

சரி, தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கும் இல்லையா? கொஞ்சம் உண்டு. 8 அல்லது 10 கார்பன் உள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்கள் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய் விரைவாக எரிகின்றன, உடல் செலவழிக்கும் ஆற்றலும் சிறிதளவு கூடுகிறது. ஆனால் தேங்காய் எண்ணெயில் அவை ஏறத்தாழ 15 விழுக்காடே. பாதிக்கு அருகில் இருப்பது 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம். அது பெரும்பாலும் மற்றக் கொழுப்புகள் போகும் சுற்றுவழியில்தான் போகிறது. செரிப்பதற்கே உடல் செலவிடும் ஆற்றலைப் பார்த்தாலும், புரதத்துக்கு அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு, கொழுப்புக்கு மிஞ்சிப்போனால் 3. ஆக, நாசி லெமாக்கில் தேங்காய்ப் பால் ருசிக்காக இருக்கட்டும்.

உடம்பில் சேர்ந்த கொழுப்பை எப்போது எடுத்து எரிப்பது என்பதைத் தீர்மானிப்பதில் இன்சுலினுக்குப் பெரும்பங்கு உண்டு. இனிப்பான தே தாரேக் குடித்ததும் இன்சுலின் ஏறும், கொழுப்புக் கிடங்கின் கதவு மூடும். ஓடும்போது அட்ரினலின் அதைத் திறக்கும். பட்டினி கிடந்து இளைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. சாப்பாட்டை மிகவும் குறைத்தால் உடல் டி3 அளவைக் குறைத்துவிடும். சம்பளம் பாதியானால் வீட்டில் விளக்கை அணைப்பதுபோல, பல்பு மங்கும்.

திருகைத் தொடாமல், குறுக்கு வழியில் வேகத்தைக் கூட்ட முயன்ற கதை ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் தூளைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு உடல் கொதித்து, வியர்த்து, எடை குறைந்தது. சிலர் இறந்தார்கள். 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் அதை இளைப்பு மருந்தாகப் பரிந்துரைக்க, பல்லாயிரம் பேர் வாங்கி விழுங்கினார்கள்.

மைட்டோகாண்ட்ரியாவை ஓர் அணைக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய நீர் விசையாழி வழியாக இறங்கும்போது மின்சாரம் வருவதுபோல, தேங்கிய புரோட்டான்கள் இறங்கும்போது ஏடிபி வருகிறது. இந்த மஞ்சள் தூள் அணையில் ஓட்டை போடுகிறது. நீர் ஓடிவிடும், மின்சாரம் வராது. உடல் பதறிப்போய் மேலும் மேலும் கொழுப்பை எரிக்கும், அத்தனையும் வெப்பமாகவே வெளியேறும். காய்ச்சல் 40 பாகையைத் தாண்டினாலும் நிறுத்த வழியில்லை. இதற்கு மாற்று மருந்து கிடையாது. பலருக்குக் கண்புரை வந்தது, உயிர்கள் போயின. 1938-இல் அமெரிக்கச் சட்டம் அதன் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இருந்தும் இணையத்தில் ‘கொழுப்பு எரிப்பான்’ என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது, உயிரும் குடிக்கிறது. நம் சுகாதார அமைச்சும் இளைப்புப் பொருள்களில் சிபுத்ராமின் என்ற வேறொரு மருந்து கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதாகப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பொட்டலத்தில் ‘மூலிகை’ என்றுதான் எழுதியிருக்கும்.

உங்கள் அம்மாவோ பாட்டியோ தைராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டால், அதில் இருப்பது செயற்கையாகச் செய்த அதே டி4. சுரப்பி தர முடியாததை மாத்திரை தருகிறது, அவ்வளவுதான். அதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் பசியாறலும். காப்பி, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை ஆகியவை குடலிலேயே அதன் வழியை மறித்துவிடும்.